கையெழுத்துப் போட்டால் பயிற்சி முடிந்ததா?

மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற வழியில் இருக்கிறது கப்பலூர். டோல்கேட் தகராறால் ஊருக்கே தெரிந்த பெயர். அங்கே சிட்கோ தொழிற்பேட்டையும் உண்டு. லேத் வேலை பழக வரும் பையனை மூன்று நாள் ஹாலில் உட்கார வைத்து, பவர்பாயிண்டில் லேத் படம் காட்டி, நாலாம் நாள் "போய் ஓட்டுப்பா" என்று எந்த முதலாளியாவது சொல்வாரா? சொன்னால் இரும்பும் வீண், பையன் விரலும் போகும்!

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதைத்தான் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள். பெயர், பணியிடைப் பயிற்சி.

மாநில அளவில் சிலருக்குச் சொல்லித் தருவார்கள். அவர்கள் மாவட்டத்தில் சொல்வார்கள். மாவட்டத்தில் கேட்டவர்கள் வட்டார வள மையத்தில் வந்து சொல்வார்கள். கடைசியில் வகுப்பறைக்கு வந்து சேர்வது என்ன? ஒரு கையேடு, ஒரு வருகைப் பதிவு, ஒரு குரூப் போட்டோ. செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு உண்டு. வகுப்பில் என்ன மாறியது என்பதற்கு மட்டும் கணக்கே கிடையாது. எந்த வியாபாரி இப்படிப் பேரேடு எழுதுவான்?

"வாத்தியாருங்க டீ வடை சாப்பிட்டுத் தூங்கிட்டு வர்றாங்க" என்று கேலி பேசுவது சுலபம். மூன்றாம் வகுப்பில் எட்டுப் பிள்ளைகளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை என்பது ஓர் ஆசிரியரின் கவலை. அங்கே ஓடுவதோ எல்லோருக்கும் பொதுவான ஸ்லைடு. யாருக்குத்தான் தூக்கம் வராது?

இதை வேறு மாதிரிச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமார், ஆந்திராவின் ரிஷிவேலிக்கு ஆசிரியர்களை அனுப்பினார். அவர்கள் நேரில் பார்த்தார்கள், திரும்பி வந்து தங்கள் பிள்ளைகளுக்கான அட்டைகளைத் தாங்களே தயாரித்தார்கள். ஆரம்பத்தில் 13 பள்ளிகள்தான். 2007-ல் அது மாநிலம் முழுக்கப் போனது. பார்த்துக் கற்றுக்கொண்டவர்களுக்கு அது சொந்த வேலை. மற்றவர்களுக்கு ஏணிப்படியும் அட்டையும் மேலிருந்து வந்த உத்தரவு. பிறகு 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று புதிய பெயர்கள், மறுபடியும் புதிய கையேடு!

டெல்லியும் சளைத்ததல்ல. 2019-ல் 'நிஷ்டா' என்ற பெயரில் சுமார் 42 லட்சம் பேருக்குப் பயிற்சி என்றார்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. எத்தனை பேர், எத்தனை மணி நேரம்... இதேதான் பேச்சு. யாருடைய கேள்வியிலிருந்து பயிற்சி தொடங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை.

"ஆசிரியர்களிடமே விட்டால் அரட்டைதான் நடக்கும்" என்பார்கள். ஜப்பானில் அப்படித்தான் நடக்கிறதா? அங்கே சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் வகுப்பெடுக்க, மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். எங்கே தடுமாறினார்கள் என்று உட்கார்ந்து பேசிப் பாடத்தைத் திருத்துகிறார்கள். இது அங்கே பல பத்தாண்டுப் பழக்கம்.

இங்கேயும் அதற்குப் புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். தே.கல்லுப்பட்டியில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் புள்ளிவிவரம் சேகரிக்க விரட்டாமல் வகுப்பறைக்கு அனுப்புங்கள். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் நாலு பேர் முறை வைத்து ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கட்டும். கடன் வாங்கிக் கழித்தல்தான் பிரச்சினை என்றால் அந்த மாதம் அதுவே பயிற்சி. மாதக் கடைசியில் எட்டுப் பேரில் எத்தனை பேருக்குக் கழித்தல் வந்தது என்று பாருங்கள். அதுதான் கணக்கு!

இதையெல்லாம் ஏன் இவ்வளவு கோபமாகச் சொல்ல வேண்டும்? ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், அன்றைக்கு ஐந்து வகுப்பையும் மேய்ப்பவர் இன்னொருவர்தான். அந்த நாளின் விலையைக் கொடுப்பது அரசாங்கமல்ல, கழித்தல் வராத அந்த எட்டுப் பிள்ளைகள். அவர்களிடமிருந்து ஒரு நாளை வாங்கிப் போகிறவர்கள், அவர்களுக்கு எதையாவது திருப்பிக் கொண்டுவர வேண்டாமா?