பழப் பெயரும் கஞ்சா வித்தும்

மல்கோவா என்று சொல்லி விற்கும் மாங்கன்றை நாம் நம்பி நடுகிறோம். அது ஒட்டுக்கன்று, தாய்மரத்தின் கிளையே மறுபடி மரமாகிறது. ஆகவே பெயரை நம்பலாம். கொட்டையை ஊன்றி வளர்த்தால் மல்கோவாவே கிடைக்கும் என்று எந்தத் தோட்டக்காரரும் உறுதி கூறமாட்டார்.

இந்த எளிய உண்மை கஞ்சா வித்தின் பேச்சு வந்ததும் மறந்துபோகிறது. மேல்நாட்டு விதை வணிகர்கள் தங்கள் வித்துக்கு இனிய பழங்களின் பெயரைச் சூட்டுகிறார்கள். அப்பெயரையே குணத்துக்குச் சான்றாகக் கொண்டு, “பழமணம் உடையது, ஆகவே மென்மையானது” என்று நம் விடுதி அறைகளில் படித்த நண்பர்களே வாதிடக் கேட்கிறேன். இந்த வாதத்துக்கு அறிவியலில் இடமில்லை என்பதே என் கருத்து.

‘புளூபெர்ரி’ என்னும் இரகத்தையே எடுத்துக்கொள்வோம். 1970களில் தொடங்கி, அமெரிக்கரான டி.ஜே. ஷார்ட் தாய்லாந்துச் செடிகளையும் ஆப்கானியச் செடியையும் கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது அது. ஊதா சாயலும் பழமணமும் அதன் புகழுக்குக் காரணங்கள். அவருடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கஞ்சாவில் பொதுவாக ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறது. பெற்றோர் இரண்டும் பல தலைமுறை தூய்மையாக்கப்பட்டிருந்தாலன்றி, ஒரே பையிலுள்ள பத்து வித்தும் பத்து விதமான செடிகளாகலாம். பெயர் மட்டும் ஒன்றாகவே இருக்கும்!

மணத்தின் கதை என்ன? பெண் பூவின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் டெர்பீன்கள் ஊறுகின்றன. மாம்பழத்திலுள்ள மிர்சீனும் எலுமிச்சைத் தோலிலுள்ள லிமோனீனும் இங்கும் உண்டு. அவையன்றி, மிகச் சிறிதளவே உள்ள சில கந்தகச் சேர்மங்களும் சில இரகங்களுக்குப் பழமணம் தருவதை 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே சுரப்பிகளில்தான் மயக்கந்தரும் டி.எச்.சி.யும் ஊறுகிறது. 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெசூலமும் அவர் துணைவரும் தனித்துப் பிரித்துக் காட்டிய பொருள் அது. அதற்கோ மணமில்லை. பழவாசனையை முகர்ந்து மயக்கத்தின் வலிமையை அளப்பவர், பாயசத்தின் ஏலக்காய் மணத்தைக் கொண்டு அதிலுள்ள சர்க்கரையை நிறுப்பவர் ஆவார்.

“பெயர் பெற்ற இரகம் பொய்க்குமா?” என்று கேட்கலாம். 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 30 பெயர்களில் விற்கப்பட்ட 122 மாதிரிகளின் மரபணுக்களை ஒப்பிட்டனர். ஒரே பெயர் தாங்கியவற்றுள்ளேயே ஒன்றோடொன்று உறவில்லாதவை பல இருந்தன. 2021-ல் கனடா, நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டதும் இதற்கு இசைந்ததே: ‘சட்டைவா’, ‘இண்டிகா’ என்ற பட்டங்கள் செடியின் வம்சத்தைச் சரிவரக் காட்டவில்லை, மணந்தரும் சில மரபணுக்களோடுதான் அவற்றுக்குத் தொடர்பு இருந்தது. அதாவது, மூக்குக்குத் தோன்றியதையே வணிகர்கள் குலமாக எழுதிவிட்டார்கள்.

இதில் நமக்கு என்ன என்று ஒதுங்கவும் முடியாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் ‘கஞ்சா’ என்பது பூக்கும், காய்க்கும் நுனிகளைக் குறிக்கும். தனி வித்து அந்த வரையறையில் சேராது. இதைப் பாதி படித்தவர்கள் துணிகிறார்கள். மீதிப் பாதியையும் படிக்கட்டும்: உரிமமின்றி அச்செடியை வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. பையின் மேல் அச்சிட்ட பழம் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வராது.

நண்பர்களே, செடியை ஆராய்வது வேறு, விளம்பரத்தை நம்புவது வேறு. நம்மில் தாவரவியல் பயில்வோர் உண்டு. வேதியியல் பயில்வோரும் உண்டு. வகுப்பில் ஒரு சிறு உப்பைக்கூடச் சோதித்துப் பாராமல் பெயரிட மாட்டோம். அந்தக் கண்டிப்பை வகுப்பறை வாசலிலேயே விட்டுவிட்டு வருவது கற்றவர்க்கு அழகாகுமா?