கடற்கரைக்கு முன் இரண்டு சாட்சிகள்

நம் தோட்டங்களில் 'ஓடிப்போய்விட்டார்கள்' என்றால் குடும்பத்துக்கே தலைகுனிவு. இன்று அதையே 'தீவுத் திருமணம்' என்று பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள்.

ஈப்போவில் மண்டபம் பிடித்து, ஆயிரம் பேருக்கு விருந்து வைத்துக் கடனாளியாவதைவிட, பங்கோர் தீவில் எளிமையாக முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள் என் கல்லூரித் தோழிகள். எனக்கும் அது பிடித்திருக்கிறது. லூமுட்டில் ஃபெரி ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் தீவு. தெலுக் நிப்பா கடற்கரையில் சூரியன் கடலில் இறங்கும் அழகுக்கு முன் மண்டப அலங்காரம் எம்மாத்திரம்?

ஆனால், இடம் பார்க்குமுன் சட்டத்தைப் பாருங்கள். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. முஸ்லிம் அல்லாதார் அதன்படிதான் மணந்து பதிய வேண்டும். வழக்கமான முறையில், அறிவிப்பு ஒட்டி 21 நாள் காத்திருக்க வேண்டும். பதிவதிகாரி முன்னிலையில் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். 21 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் தேவை.

மணலில் மாலை மாற்றி எடுத்த படம் திருமணச் சான்றிதழ் ஆகாது. நாளை ஒருவர் மனம் மாறினால், மற்றவர் எதைக் காட்டி உரிமை கேட்பார்?

அன்று தோட்டத்துக் கல்யாணத்துக்கு லயமே சாட்சி நின்றது. நாம் அந்தக் கூட்டத்தைக் குறைக்கலாம். சாட்சியைக் குறைக்க முடியாது. நம் நலம் நாடும் இருவரை அழைக்கவே மனம் தயங்கினால், ஃபெரி டிக்கெட் வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.