புலியைப் பார்க்காமல் வந்தது நஷ்டமா?



போன மாதம் நாம் சுற்றுலா போய் வந்தோம். பாபநாசம், முண்டந்துறை, காரையாறு. வந்த மறுநாளே வகுப்பில் ஒரே புலம்பல். "புலிகள் காப்பகம்னு அவ்ளோ பெரிய போர்டு வச்சிருக்காங்க, ஒரு புலியைக் கூட காட்டலை" என்றார்கள் பையன்கள். "குடுத்த பைசாவுக்கு குரங்கைத்தான் பாத்தோம். அது எங்க வீட்டு ஓட்டு மேலயே தினம் வருது" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தோம். பொய் சொல்ல மாட்டேன், நானும் சிரித்தேன். எனக்கும் ஏமாற்றம்தான். கடைசியில், "அடுத்த வருஷம் திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலைக்குப் போவோம், அங்க கூண்டுல கண்டிப்பா புலி இருக்கும்" என்று முடிவே செய்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். அந்த முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று இந்தச் சுவர் இதழில் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னோடு சண்டை போடலாம், தப்பில்லை.

முதலில் நாம் என்னத்தைப் பார்த்தோம் என்று நினைத்துப் பாருங்கள். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, பை பையாகப் பார்த்து பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வாங்கி வைத்தார்கள். உள்ளே போனதும் காற்றே மாறிவிட்டது. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் வேர்த்து ஊற்றியவர்களுக்கு அங்கே குளிர்ந்தது. ஒரு மிளா ஆற்றோரம் நின்று நம்மைப் பார்த்தது. மரத்து மேலே மலையணில் ஒன்று வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பழம் தின்றது. முகத்தைச் சுற்றிப் பழுப்பு முடியோடு இருந்த கருமந்தியை "கரடி" என்று கத்தியது யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் நம்மோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன். அவர் காணி இனத்தைச் சேர்ந்தவர், பிறந்ததே அந்தக் காட்டில்தான். சாலையோரத்து மரம் ஒன்றில் நகத்தால் கீறிய கோடுகளைக் காட்டினார். கையைத் தலைக்கு மேலே நீட்டி, "இவ்வளவு உயரம் சிறுத்தைக்கு எட்டாது. இது பெரியவரு போட்டது" என்றார். எத்தனை தடவை நேரில் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பதினோரு வருஷ வேலையில் ஆறு தடவையாம். "நீங்க பஸ்ல பாட்டு போட்டுக்கிட்டு வரும்போதே அது நகந்து போயிருக்கும் பிள்ளைகளா" என்று சிரித்தார்.

பதினோரு வருஷத்தில் ஆறு தடவை! நாம் போனது அஞ்சு மணி நேரம். அதற்குள் புலி வந்து வரிசையில் நின்று முகம் காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தோம்.

நம் ராஜாக்கமங்கலம் துறையில் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்கள் சில நாள் வெறும் வலையோடு திரும்புவார்கள். அதற்காகக் கடலில் மீனே இல்லை என்று யாராவது சொல்வோமா? கடலைப் பற்றி இவ்வளவு தெரிந்த நமக்கு, காட்டைப் பற்றி மட்டும் ஏன் அந்தப் பொறுமை இல்லை?

இனி கொஞ்சம் வரலாறு. ஒரு காலத்தில் நம் நாட்டில் ராஜாக்களும் வெள்ளைக்காரர்களும் புலி வேட்டையை விளையாட்டாகச் செய்தார்கள். காடுகளும் குறைந்துகொண்டே போயின. புலி இனமே அழிந்துவிடும் என்ற நிலை வந்த பிறகு, 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. களக்காடு சரணாலயத்தையும் முண்டந்துறை சரணாலயத்தையும் சேர்த்து 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். பிறகு ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம் வந்தன. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலையும் சேர்ந்து இப்போது ஐந்து.

2006 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் சுமார் 1,411 புலிகள்தான் இருந்தன. தமிழ்நாட்டில் 76. 2022 கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 3,682, தமிழ்நாட்டில் 306. எப்படி எண்ணுகிறார்கள் தெரியுமா? காட்டுப் பாதையின் இரண்டு பக்கமும் தானாகப் படம் எடுக்கும் கேமராக்களைக் கட்டி வைக்கிறார்கள். நம் கைரேகை ஆளுக்கு ஆள் வேறுபடுகிற மாதிரி, புலியின் வரிகளும் ஒன்றுக்கு இருப்பது போல இன்னொன்றுக்கு இருக்காது. அதை வைத்து அடையாளம் காண்கிறார்கள். அதாவது, சுற்றுலாப் பயணி கண்ணில் படாமலேயே தமிழ்நாட்டில் புலிகள் நான்கு மடங்காகியிருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான கதை ராஜஸ்தானில் உள்ள சரிஸ்காவில் நடந்தது. அதுவும் பெயர் பெற்ற புலிகள் காப்பகம்தான். சுற்றுலாப் பயணிகள் போனார்கள், வந்தார்கள். 2005-ல் தேடிப் பார்த்தபோது அங்கே ஒரு புலி கூட இல்லை. திருட்டு வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள். பிறகு 2008-ல் ரந்தம்பூரிலிருந்து புலிகளைக் கொண்டு வந்து விட வேண்டியதாயிற்று. புலியைப் பார்க்கப் போகிறவர்கள் அதிகம், பாதுகாப்பு குறைவு என்றால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு பாடம்.

சுற்றுலாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரந்தம்பூரில் மச்லி என்று ஒரு பெண் புலி இருந்தது. 2016-ல் இறந்தது. அதைப் பார்க்கவே வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். அதனால் பலருக்குப் பிழைப்பு கிடைத்தது, புலி மேல் பாசமும் வந்தது. ஆனால் எல்லை வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவைச் சில மாதம் நிறுத்தியே வைத்தது. பிறகுதான் விதிமுறைகளோடு அனுமதித்தது. காடு முதலில் அங்கே வாழ்கிற உயிர்களுக்கு வீடு. விருந்தாளியாகப் போகிறவர் வீட்டுக்காரரை எழுப்பி, "வெளியே வா, ஒரு போட்டோ எடுக்கணும்" என்று கேட்கலாமா?

"சரி, புலி இருந்தா நமக்கென்ன, இல்லாட்டா நமக்கென்ன?" என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு எங்க பாட்டா பதில் வைத்திருக்கிறார். ஆனால் அவர் புலி என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. கன்னிப்பூ நடவு நேரம் வந்தால் எங்க பாட்டா தினமும் கேட்பது ஒன்றே ஒன்று: "பேச்சிப்பாறை திறந்தாச்சா?" 1906-ல் கட்டி முடித்த அந்த அணைக்குத் தண்ணீர் கொண்டு வருவது கோதையாறு. கோதையாறு பிறப்பது நாம் போன காப்பகத்தின் மலைகளில்தான். அந்தப் பக்கம் இறங்கினால் தாமிரபரணி, இந்தப் பக்கம் இறங்கினால் கோதையாறு. ஒரே மலைக்கூட்டம். 2023-ல் அரிக்கொம்பன் யானையைப் பிடித்து மேல் கோதையாற்றுப் பக்கம் கொண்டு விட்டபோது நம் மாவட்டமே பேசியதே, அதே காடுதான். நம் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயமும் அதை ஒட்டியே இருக்கிறது.

புலிக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? மிளாவும் மானும் அளவுக்கு மேல் பெருகினால் இளங்கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடும். புலி அதைச் சமமாக வைக்கிறது. இன்னொன்று, புலி இருக்கிறது என்பதற்காகவே அந்தக் காட்டுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. மரங்கள் நின்றால் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஆற்றுக்கு வரும். அது வாய்க்கால் வழியாக நாஞ்சில் நாட்டு வயலுக்கு வரும். சோறாகி நம் தட்டுக்கு வரும். கூண்டுப் புலி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு வாய்க்காலுக்கும் தண்ணீர் தராது.

இத்தோடு கட்டுரையை முடித்தால் கைதட்டு கிடைக்கும். ஆனால் முடித்தால் நான் எங்க அத்தைக்குத் துரோகம் செய்தவள் ஆவேன்.

எங்க அத்தை சிற்றாறு பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை செய்கிறார். 2023-ல், நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது, அந்தப் பக்கம் புலி வந்து ஆடு மாடுகளை அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அத்தை வளர்த்த இரண்டு ஆடுகளும் போயின. அதில் ஒன்று சினை. பால் வெட்ட விடியும் முன்னே போக வேண்டும். அந்த ஒரு மாதமும் அத்தையும் மாமாவும் டார்ச் அடித்துக்கொண்டு, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு போனார்களாம். பிறகு பத்துகாணிப் பக்கம் அந்தப் புலியைப் பிடித்து வண்டலூருக்கு அனுப்பினார்கள். ஊரே நிம்மதியாகத் தூங்கியது. ஆனால் ஆட்டுக்கு இழப்பீடு கேட்டு அத்தை எத்தனை தடவை நடந்தார் என்று அவருக்கே கணக்கு இல்லை. ஒரு நாள் நடந்தால் ஒரு நாள் கூலி போகும். கடைசியில் கிடைத்த பணத்துக்கு ஒரு ஆட்டைக்கூட வாங்க முடியவில்லை.

சுற்றுலா போய் வந்ததை அத்தையிடம் போனில் சொன்னேன். "உங்களுக்குப் புலியப் பாக்கணும்னு ஆசை. எங்களுக்கு அதப் பாக்காம கிடந்தா போதும் மக்ளே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். புலியால் வரும் தண்ணீர் நமக்கு. புலியால் வரும் நஷ்டம் அத்தைக்கு. இது எந்த ஊர் நியாயம்? சுவரில் "புலியைக் காப்போம்" என்று எழுதுவதற்கு நமக்கு ஒரு பைசா செலவில்லை. ஆடு போனவர்களும், காட்டுக்குள்ளேயே வாழ்கிற காணி மக்களும்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள். அவர்களுக்குக் காடு மேல் கோபம் வந்துவிட்டால் எந்தச் சட்டத்தாலும் புலியைக் காக்க முடியாது. புலி வேண்டும் என்று சொல்கிற ஒவ்வொருவரும், ஆட்டுக்கான பணம் அலையாமல் உடனே கிடைக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது பாதிக் கருத்துதான்.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று.

1. அடுத்த வருஷமும் காட்டுக்கே போவோம். பேச்சிப்பாறை பக்கத்திலேயே இருக்கிறது. நம் வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமலே பத்தாம் வகுப்பு முடித்துவிட்டால் வெட்கம்.

2. போகும்போது பஸ்ஸில் பாட்டு வேண்டாம், கத்தல் வேண்டாம். புலியைக் காட்டுவோம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். காலடியையும் கீறலையும் படித்துச் சொல்லத் தெரிந்த ஒரு அண்ணனைக் கேட்டு அழைத்துப் போனால் போதும்.

3. மலையோரத்தில் ஆடு மாடு இழந்தவர்களுக்கு விரைவாக இழப்பீடு கிடைக்க வேண்டும் என்று நம் சுற்றுச்சூழல் மன்றத்தின் சார்பில் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதுவோம். தமிழய்யா திருத்தித் தந்தால் நானே அழகாக எழுதித் தருகிறேன்.

புலியைப் பார்க்காமல் வந்தது நஷ்டமா என்று தலைப்பில் கேட்டேன். அது நம் கண்ணில் படவில்லை, ஆனால் அது இருக்கிற காட்டின் தண்ணீரைத்தான் இன்று மதியம் சத்துணவில் சோறாகச் சாப்பிட்டோம். எனக்கு நஷ்டமாகத் தெரியவில்லை. நஷ்டப்பட்டது எங்க அத்தை. அந்தக் கணக்கை நேர் செய்வதுதான் நம் வேலை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த வார இதழில் எழுதுங்கள். கண்டிப்பாகப் படிப்பேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ராஜாக்கமங்கலம்.