நற்செயலுக்குக் கையொப்பம் வேண்டுமா?

சாரணர் இயக்கம் முன்போல் இல்லையே என்று பெற்றோர் சிலர் நம்மிடம் குறைப்படுவதுண்டு. மாறட்டுமே! 1907-இல் பேடன் பவல் பிரௌன்சித் தீவில் 20 சிறுவரோடு முதற் பாசறை அமைத்தபோது இருந்தவை யாவும் இன்றும் இருந்தாக வேண்டுமா? அரைக்காற்சட்டை முழுக்காற்சட்டையானால் குடி முழுகிவிடாது. கைப்பேசியும் திசை காட்டுகிறது. ஆயினும், செம்பனைக் காட்டின் நடுவே அதன் மின்கலம் தீர்ந்துபோனால்? ஆதலால் திசையறிதலை நாம் இன்னும் கற்பித்தே வருகிறோம்.

நாம் விட மனமில்லாதது ஒன்றுண்டு. அன்றைய நற்செயலை நினைவூட்டக் கழுத்துத் துணியில் முடிச்சிடுவது பேடன் பவல் சொல்லிவைத்த வழக்கம். அதை விடுத்து, குறிப்பேடு ஒன்றைக் கொடுத்துப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிவரச் செய்தோம். தவறு நம்முடையதே. ஏடுகள் விரைவில் நிறைந்தன. 'பாட்டிக்குத் தண்ணீர் கொடுத்தேன்' என்று ஒருவன் ஏழு நாளும் எழுதியிருந்தான்!

ஒன்றுமே எழுதாத மாணவன் ஒருவனைக் கடிந்துகொண்டோம். பெருமழைக்கு மறுநாள் விடியற்காலையில், அடைபட்டிருந்த பள்ளிக் கால்வாயை அவன் தனியே தூர்த்துக்கொண்டிருந்தான்... இல்லை, தூர்வாரிக்கொண்டிருந்தான் என்பதே சரி.

"இதையாவது எழுதினாயா?" என்றோம்.

"இல்லை ஐயா, கையெல்லாம் சேறு" என்றான்.

குறிப்பேடுகளைத் திரும்பப் பெற்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம். கழுத்துத் துணியில் முடிச்சு மீண்டும் வந்திருக்கிறது.