உடைந்த கரைக்கும் வட்டி

மேற்கு வங்காளத்தின் சுந்தரவனத்தில் புயலுக்கும் தவணை நாள் உண்டு போலும். ஐலா வந்தது 2009 மே 25. அம்பான் 2020 மே 20. யாஸ் 2021 மே 26. ரீமால் 2024 மே 26. மே மாதம் பாதி கழிந்துவிட்டால் கோசாபா, பாசந்தி, பாதர்பிரதிமா வட்டாரங்களில் வானிலை அறிவிப்பைக் கேட்காமல் யாரும் படுக்கப் போவதில்லை. புயல் கரை கடந்து போன பிறகு அந்த மக்களுக்கு மிஞ்சுவது என்ன என்று பார்த்தால், இழந்த பொருளுக்கு ஈடு அல்ல, கடன்தான். குடும்பம் நுண்கடன் குழுவிடம் கடன் வாங்குகிறது. மாநிலம் உலக வங்கியிடமும் ஆசிய வளர்ச்சி வங்கியிடமும் வாங்குகிறது. அந்தக் கடனையே பணக்கார நாடுகள் ‘காலநிலை நிதி’ என்ற கணக்கில் எழுதிக்கொள்கின்றன. இது அநியாயம் என்று உலக மேடைகளில் இந்தியா சொல்கிறது. சரியாகத்தான் சொல்கிறது. அதே நியாயத்தைத் தன் மாநிலங்களுக்கும் தில்லி வழங்க வேண்டும் என்பதே நமது நிலை.

கொல்கத்தாவிலிருந்து நூறு கிலோமீட்டர் தெற்கே போனால் ஓதம் ஏறும்போது நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஊர்களைக் காணலாம். மனிதர் குடியிருக்கும் தீவுகளைச் சுற்றிச் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்கரை. ஆங்கிலேயர் காலத்தில் காட்டை வெட்டிக் குடியேற்றியபோது போடத் தொடங்கியது. சேறு, மூங்கில், சாக்கு மூட்டை. இவைதான் பெரும்பாலான இடங்களில் இன்றும் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கின்றன. ஐலா ஒரே நாளில் 778 கிலோமீட்டர் கரையைச் சிதைத்தது. கரை உடைந்து உள்ளே வரும் உப்புநீரை அங்கே ‘நோனா ஜல்’ என்பார்கள். வெள்ளம் வடிந்தாலும் அது விட்டுச்செல்லும் உப்பு போகாது. குளத்து மீன் ஓரிரு நாளில் செத்து மிதக்கும்; குளத்தை இறைத்து, மறுபடி மழைநீர் நிரம்பக் காத்திருக்க வேண்டும். வயலில் இரண்டு மூன்று பருவத்துக்கு நெல் எடுக்க முடியாது. உடைந்த இடத்தில் பழைய கரையை எழுப்ப ஆற்று ஓட்டம் விடாது. ஆகவே ஊருக்குள் பின்வாங்கி வளைவாக ஒரு புதுக்கரை போடுவார்கள். ஒவ்வொரு வளைகரைக்கும் சில வீடுகளும் சில பிகா நிலமும் வெளிப்பக்கம், அதாவது ஆற்றின் பக்கம், போய்விடும். இழந்தவருக்குப் பட்டா கையில் இருக்கும், நிலம் இருக்காது.

ஐலாவுக்குப் பிறகு உறுதியான கரை கட்ட மத்திய அரசு 5,032 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. முக்கால் பங்கு மத்திய அரசின் பணம். ஆனால் அகலமான கரைக்கு நிலம் வேண்டும். சிங்கூர், நந்திகிராம நில எடுப்பு எதிர்ப்புப் போராட்டங்களுக்குப் பிந்திய வங்காளத்தில் நிலம் எடுப்பது என்ற சொல்லுக்கே அரசியல்வாதிகள் அஞ்சினார்கள். பணத்தின் பெரும்பகுதி செலவாகாமலே போயிற்று. திருப்பிக் கேட்காத பணம் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போன அந்தக் கதையைக் கொல்கத்தாவின் ஆட்சியாளர்கள் மறந்துவிட்டுத் தில்லியை மட்டும் குறை சொல்வது எடுபடாது.

வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நாட்டிலேயே நுண்கடன் மிகுந்த மாநிலங்களில் மேற்கு வங்காளமும் ஒன்று. தமிழ்நாடும் பீகாரும் அதற்கு இணை. பந்தன் என்ற நுண்கடன் நிறுவனம் 2001-ல் இந்த மண்ணில்தான் பிறந்தது, 2015-ல் வங்கியாகவே ஆனது. குழுக் கடன் பெண்களுக்கு எத்தனையோ நன்மை செய்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் வாரத் தவணை என்பது வாரம்தோறும் வருமானம் இருக்கும் என்ற நம்பிக்கையில் கட்டியது. வயல் உப்பாகிவிட்ட வீட்டில் அந்த வருமானம் எங்கிருந்து வரும்? ஒரு குழுவின் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் வாங்குவார்கள், அந்த வழியும் அடைபட்டால் மகாஜன் எனும் வட்டிக்காரரிடம் போவார்கள். பிறகு வீட்டில் உள்ள இளைஞன் ரயில் ஏறுவான். சென்னைக் கட்டடங்களிலும் திருப்பூர் ஆலைகளிலும், ஏன், நம் டெல்டாவின் நடவு வயல்களிலும் வங்க மொழி கேட்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது ஏழ்மை மட்டுமல்ல, உப்புநீரும் தவணையும்கூட. 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பஹநாகாவில் விபத்துக்குள்ளான கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. அந்த விபத்தில் இறந்த 290-க்கும் மேற்பட்டவர்களில் சுந்தரவனம் இருக்கும் தெற்கு 24 பர்கனாஸ் மாவட்டத்துக்காரர்கள் பலர். தெற்கே வேலை தேடிப் புறப்பட்டவர்கள். அவர்களை ‘வடக்கன்’ என்று ஒரே சொல்லில் அடைத்துவிடும் நமது ஊர்ப் பேச்சுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

மாநிலத்தின் கணக்கும் இதே வடிவம்தான். அம்பான் கொல்கத்தாவையே புரட்டிப்போட்டது. ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன, காலேஜ் தெருவில் புத்தகங்கள் தண்ணீரில் மிதந்தன. சேதம் 1,02,442 கோடி ரூபாய் என்றது மாநில அரசு. பிரதமர் வானிலிருந்து பார்வையிட்டு 1,000 கோடி முன்பணம் அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பரில் 2,707.77 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது. மாநிலங்கள் சேதத்தைச் சற்று ஊதிக் கேட்பது வழக்கம்தான். பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டாலும் அந்த இடைவெளி மலைக்க வைப்பது. அதை நிரப்புவது யார்? கடன்.

கீழ்த் தாமோதர் பகுதியின் பாசனத்துக்கும் வெள்ளத் தடுப்புக்கும் உலக வங்கியிடம் 14.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் அதே அளவு தருகிறது. கொல்கத்தாவின் வடிகாலுக்கும் கழிவுநீருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கி 2013-ல் அனுமதித்தது 40 கோடி டாலர். இவை தேவையில்லாத வேலைகள் அல்ல. 2025 செப்டம்பரில், துர்கா பூஜைக்குச் சில நாட்களுக்கு முன், ஒரு நாளைக்குள் 251.4 மில்லிமீட்டர் மழை கொட்டி, தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து உயிர்கள் போன நகரத்துக்கு வடிகால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கேள்வி, அதை யார் பணத்தில் கட்டுவது என்பதுதான். 2005 முதல் ஒரு நடைமுறை இருக்கிறது: வெளிநாட்டுக் கடனை மத்திய அரசு பொதுப்பிரிவு மாநிலங்களுக்கு அதே நிபந்தனைகளுடன் அப்படியே கைமாற்றிவிடும். வட்டி மாநிலத்துடையது, ரூபாய் சரிந்தால் அந்த நஷ்டமும் மாநிலத்துடையது. 2021 ஜனவரியில் டாலர் 73 ரூபாய். 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டிவிட்டது. கடன் பகுதி பகுதியாக வரும் என்பதால் முழுத் தொகையிலும் இந்த அடி விழாது. ஆனால் 73-க்கு வாங்கிய டாலரை 90-க்கு அடைப்பது என்றால், ஒரு கூடை மண் கூடுதலாகக் கொட்டாமலே கடன் ஏறிவிடுகிறது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. மேற்கு வங்காளத்தின் மொத்தக் கடன் 7 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. 2011-ல் இடது முன்னணி இறங்கியபோது அது சுமார் 2 லட்சம் கோடி. இதைப் புயல் தலையில் கட்டிவிட முடியாது. சம்பளம், ஓய்வூதியம், நலத்திட்டம், பழைய கடனின் வட்டி எல்லாம் அதில் உண்டு. போதாததற்கு, அம்பானில் வீடிழந்தோருக்கு அறிவித்த 20,000 ரூபாய் மாடி வீட்டுக்காரர்களின் கணக்குகளிலும் போய் விழுந்தது. ஊர் மக்கள் முற்றுகையிட்ட பிறகு ஆளுங்கட்சி உள்ளூர்ப் புள்ளிகள் சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். நிவாரணத்தைத் தணிக்கை செய்யுமாறு இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவருக்குக் கல்கத்தா உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. மானியம் கேட்கும் கை சுத்தமாக இருந்தால்தான் கேட்பதற்கு வலு.

ஆனால் உலகம் தருவதாகச் சொல்லிக்கொள்வதும் சுத்தமில்லை. வளரும் நாடுகளுக்குக் காலநிலை நிதியாக ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் பணக்கார நாடுகள் வாக்குக் கொடுத்தன. 2020-க்குள் தர வேண்டியது, 2022-ல்தான் எட்டியது. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி தரும் கணக்குப்படியே, அந்த ஆண்டு வழங்கிய பொதுநிதியில் 69 சதவீதம் கடன், 28 சதவீதம்தான் மானியம். நூறு ரூபாய் ‘உதவி’யில் எழுபது ரூபாய் திரும்பப் போகிறது, வட்டியோடு. 2024 நவம்பரில் பாகு காலநிலை மாநாட்டில் புதிய இலக்கு: 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி டாலர். மேசையில் சுத்தியல் தட்டி முடித்த பிறகும் இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா எழுந்து, இது வெறும் தோற்ற மயக்கம் என்று எதிர்ப்பைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு பெலேம் மாநாட்டில், காலநிலை மாற்றத்துக்கேற்பத் தகவமைத்துக்கொள்வதற்கான நிதியை 2035-க்குள் மூன்று மடங்காக்க முயல்வது என்று ஒரு தீர்மானம். அதிலும் எத்தனை பங்கு கடன் என்ற பேச்சே இல்லை.

சரி, பாகுவில் அப்படிப் பேசிய தில்லி வீட்டுக்குள் என்ன செய்கிறது? 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தது. மறுவாழ்வுக்கு நிதி கேட்ட கேரளத்துக்கு 2025 பிப்ரவரியில் கிடைத்தது 529.50 கோடி ரூபாய். ஐம்பது ஆண்டு வட்டியில்லாக் கடனாக, மார்ச் 31-க்குள் செலவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. மானியமாக 260 கோடிக்கு ஒப்புதல் வர அக்டோபர் ஆயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் தென்மாவட்ட வெள்ளமும் தாக்கியபோது தமிழ்நாடு கேட்டது 37,907 கோடி. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து வந்த 276 கோடிக்கே உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. சுந்தரவனத்தில் அம்பானுக்குப் பிறகு ஐந்து கோடி அலையாத்திக் கன்றுகள் நடுவதாக மாநிலம் அறிவித்தது நூறு நாள் வேலையை நம்பித்தான். முறைகேட்டைக் காரணம் காட்டி 2022 மார்ச்சிலிருந்து மேற்கு வங்காளத்துக்கு அந்த நிதி நின்றது. முறைகேடு உண்மைதான். ஆனால் செய்தவரைப் பிடிக்காமல், உழைத்தவர் கூலியை மூன்று ஆண்டுகளுக்கு மேல் நிறுத்தியது என்ன தண்டனை? ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான்.

இவற்றைவிட அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டிய செய்தி ஒன்று ஓசையில்லாமல் நடந்து முடிந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13-வது பிரிவு, கடும் பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்குக் கடன் திருப்பிச் செலுத்துவதில் நிவாரணம் தரப் பரிந்துரைக்கும் அதிகாரத்தைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு வழங்கியிருந்தது. வயநாட்டில் எல்லாம் இழந்தவர்களின் வங்கிக் கடனைத் தள்ளுபடி செய்யலாமே என்று கேரள உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2025 திருத்தச் சட்டத்தின் மூலம் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. இனி அப்படியொரு அதிகாரம் எங்களிடம் இல்லை என்று மத்திய அரசு நீதிமன்றத்தில் சொன்னது. பேரிடருக்கும் கடனுக்கும் தொடர்பு உண்டு என்பதை ஒப்புக்கொண்ட ஒரே வரியை நாமே அடித்துவிட்டோம்.

அண்டை நாட்டுக்கு நாம் செய்ததையும் பார்க்கலாம். 2022-ல் கடன் தவணை கட்ட முடியாமல் கைவிரித்து, மெல்ல எழுந்துகொண்டிருந்த இலங்கையை 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தது. பன்னாட்டு நாணய நிதியம் அவசர உதவி என்று 20 கோடி டாலர் அளவில் தந்தது, அதுவும் கடன். இந்தியா அறிவித்த 45 கோடி டாலரில் 10 கோடிதான் மானியம், மீதி 35 கோடி சலுகைக் கடன். சிக்கலான நேரத்தில் முதலில் ஓடிப்போய் நின்றது இந்தியா என்பதில் பெருமைதான். என்றாலும் விகிதத்தைக் கவனியுங்கள்: பாகுவில் நாம் எந்தக் கணக்கைக் குற்றம் சொன்னோமோ, ஏறத்தாழ அதே கணக்கு.

இந்தியா பெரிய பொருளாதாரம்; 2014-லேயே உலக வங்கியின் ஏழை நாட்டுச் சலுகைப் பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டது; மானியம் ஆப்பிரிக்காவுக்குப் போகட்டும் என்ற வாதம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது, நாம் ஏற்கிறோம். அப்படியானால் அந்தப் பெரிய பொருளாதாரம் கோசாபாவுக்குத் தெரிய வேண்டுமே. உலகச் சந்தையில் கடன் வாங்கும் தெம்பு தில்லிக்கு இருக்கிறது என்றால், கடனைத் தில்லி சுமக்கட்டும். கரை கட்டும் பணம் மாநிலத்துக்கு மானியமாக இறங்கட்டும். வடகிழக்கு, மலை மாநிலங்களுக்கு வெளிநாட்டு உதவியில் 90 சதவீதத்தை மானியமாகத் தருகிறது மத்திய அரசு. அந்த வழி புதிதல்ல. பேரிடர்த் தடுப்புத் திட்டங்களுக்கு மட்டுமாவது, கடலோர மாநிலங்கள் அனைத்துக்கும் அதை விரிவாக்க வேண்டும். குறைந்தபட்சம் டாலர் ஏற்றத்தின் நஷ்டத்தையாவது மாநிலத்தின் தலையிலிருந்து இறக்க வேண்டும்.

கடனே வேண்டாம் என்பது நடக்காத பேச்சு. புயல் வந்தால் தவணை தானாக நிற்கும் கடன் வேண்டும் என்பது நடக்கக்கூடியது, நடந்தும் இருக்கிறது. கரீபியத் தீவான கிரெனடா தன் கடன் பத்திரத்தில் அப்படியொரு நிபந்தனை எழுதி வைத்திருந்தது. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி அடித்ததும் அதைப் பயன்படுத்தித் தவணையை ஒத்திவைத்தது. உலக வங்கி இந்த வசதியைச் சிறிய நாடுகளுக்குத்தான் தருகிறது. சுந்தரவனத்தின் இந்தியப் பகுதியில் மட்டும் 45 லட்சம் பேர் வாழ்கிறார்கள். கிரெனடாவின் மக்கள்தொகையைப் போல முப்பது மடங்குக்கு மேல். அந்த நிபந்தனை மாநிலங்களுக்கான கடன்களில் ஏன் இருக்கக் கூடாது என்று உலக வங்கியிடம் இந்தியா கேட்க வேண்டும். அதைவிட முக்கியமாக, குழுக் கடனில் அது இருக்க வேண்டும். இப்போதெல்லாம் யாராவது கோரிக்கை வைத்து, யாராவது கூட்டம் போட்டு, கடன் மறுசீரமைப்பு என்று வருவதற்குள் வீட்டு மாடு விற்றாகிவிடுகிறது. ஒரு வட்டாரத்தைப் புயல் பாதித்தது என்று அரசு அறிவித்த நாளிலிருந்து அங்குள்ள நுண்கடன் தவணையும் வட்டியும் ஓராண்டுக்கு நிற்கும் என்று ரிசர்வ் வங்கி விதியாகவே எழுதலாம். அதனால் நிறுவனங்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் நிதிக்குத்தான் மத்திய அரசு பாகுவிலும் பெலேமிலும் கை நீட்டியிருக்க வேண்டும்.

கொல்கத்தா செய்ய வேண்டியதும் உண்டு. நிவாரணப் பட்டியலை ஊராட்சிச் சுவரில் பெயர் பெயராக ஒட்டுவதற்குத் தில்லியின் அனுமதி தேவையில்லை. இனி வாழ முடியாத தீவோரங்களிலிருந்து மக்களை நிலம் கொடுத்து உள்ளே குடியமர்த்துவது பற்றி ஓட்டுக்கு அஞ்சாமல் பேசவும் வேண்டும். அதற்குப் பதினைந்தாவது நிதிக்குழு நாடு முழுமைக்கும் ஐந்தாண்டுக்கு ஒதுக்கிய 1,000 கோடி எந்த மூலைக்கும் காணாது என்பதை எல்லாக் கடலோர மாநிலங்களும் சேர்ந்து சொல்ல வேண்டும், தமிழ்நாடு உட்பட. முதல் வேலையாக, நீக்கிய 13-வது பிரிவை நாடாளுமன்றம் திரும்பக் கொண்டுவர வேண்டும். இம்முறை ‘பரிந்துரைக்கலாம்’ என்றல்ல, ‘வழங்க வேண்டும்’ என்று எழுதி.