ஸ்டார்ட் ஆகிவிட்டால் சரியாகிவிட்டதா?

பழைய செயின்சா ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி, ரெண்டு ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டி, கயிற்றை இழுத்ததும் 'டர்ர்ர்' என்று சத்தம் வந்துவிட்டால் நம்மாட்களுக்கு ஒரு பெருமை வரும் பாருங்கள், தாங்காது. "மெஷின் புதுசு மாதிரி ஆயிடுச்சு சார்!" இல்லை சாமி. இன்ஜின் ஓடுகிறது, அவ்வளவுதான். செயின்சா என்பது இன்ஜின் மட்டும் இல்லை.

நான் சொல்வது டாப் ஹேண்டில் ரகத்தைப் பற்றி. சாதாரண செயின்சாவுக்குப் பின்னால் கைப்பிடி இருக்கும். இதற்கு இன்ஜினுக்கு மேலேயே இருக்கும். மரத்தில் ஏறி, கயிறும் பெல்ட்டும் கட்டிக்கொண்டு கிளை வெட்டுகிறவர்களுக்காக, சின்னதாக, எடை குறைவாகச் செய்தது. தரையில் நின்று விறகு வெட்ட இல்லை. இதற்கென்றே ஐஎஸ்ஓ 11681-2 என்று தனித் தரநிர்ணயம் இருக்கிறது. காட்டு வேலைக்கான செயின்சாவுக்கு 11681-1. ரெண்டும் வேறு வேறு என்று பிரித்ததற்குக் காரணம் உண்டு. இதில் ரெண்டு கைப்பிடிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பார் மேலே எகிறினால் அடக்கிப் பிடிக்கக் கைக்கு வாகு குறைவு. ஒற்றைக் கையால் வெட்டலாம் என்ற ஆசையையும் இதன் வடிவமே கிளப்பிவிடும். ரெண்டு கையாலும் பிடி என்றுதான் கையேடு சொல்லும். கையேட்டை யார் படிக்கிறார்கள்?

நான் வேலை பார்ப்பது கர்நாடகத்தில், காபித் தோட்டங்கள் நிறைந்த மலைப் பக்கம். இங்கே காபி நிழலில் வளர்கிறது. சில்வர் ஓக், முள்முருங்கை என்று நிழல் மரங்கள். அவற்றின் மேல் மிளகுக் கொடி. மழைக்கு முன்னால் நிழலைக் கழிக்க வேண்டும். அந்த நேரத்தில் பழைய டாப் ஹேண்டில் மெஷின்கள் கைமாறும் பாருங்கள், சந்தை மாடு மாதிரி. வாங்குகிறவர் தோட்டக்காரர் அல்லது கான்ட்ராக்டர். பழுது பார்க்கிறவர் டவுனில் கடை வைத்திருப்பவர். மரத்தின் மேல் ஏறுகிறவர் மூன்றாவது ஆள். உள்ளூர்க்காரராக இருக்கலாம், அசாமிலிருந்து வந்தவராக இருக்கலாம். மெஷினின் சரித்திரம் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்வதும் இல்லை. என் கோபமெல்லாம் இங்கேதான்.

இன்ஜின் வேலையை நான் மட்டமாகப் பேசவில்லை. அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது, அதையே பலர் பார்ப்பதில்லை. கொண்டுபோய்க் கொடுத்ததும் "கார்புரேட்டர் போச்சு, மாத்தணும்" என்று ஆரம்பிப்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது பிஸ்டனை. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்தால் ஓட்டை வழியே தெரியும். சைலன்சர் பக்கம் நெடுக்குக் கீறல் இருந்தால், பெரும்பாலும் ஆயில் கலக்காத பெட்ரோலோ, பெட்ரோல் பற்றாத ட்யூனிங்கோ காரணம். கார்புரேட்டர் பக்கம் தேய்ந்திருந்தால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போயிருக்கிறது. கம்ப்ரஷன் கேஜ் 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் நிம்மதி. 90க்குக் கீழே என்றால் புது கார்புரேட்டர் போட்டும் புண்ணியம் இல்லை. அடுத்தது பிளக்கில் பொறி வருகிறதா என்று. அதற்கப்புறம்தான் பெட்ரோல் போகும் வழி: குழாய், டாங்குக்குள் இருக்கும் ஃபில்டர், டாங்க் மூச்சுவிடும் வென்ட், கடைசியாக கார்புரேட்டரின் டயாப்ரம். கொஞ்ச நேரம் ஓடி நின்றுபோய், டாங்க் மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடுகிறதா? வென்ட் அடைப்பு. சோக் போட்டால் ஓடுகிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் செத்துப்போகிறதா? டயாப்ரம் விறைத்திருக்கலாம். நூற்றுக்கணக்கில் செலவாகும் கிட்டை மாற்றினால் தீருகிற வியாதிக்கு, ஆயிரக்கணக்கில் புது கார்புரேட்டர் எதற்கு?

இதில் எத்தனால் கதை வேறு. 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோல் அறிமுகமானது. 2025க்குள் நாடு முழுக்க 20 சதவீதக் கலப்பு வந்துவிட்டது. சின்ன டூ ஸ்ட்ரோக் இன்ஜின்களின் கையேடுகள் பலவற்றில் 10 சதவீதம் வரைதான் அனுமதி. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். மழைக்காலம் முழுக்க டாங்கில் பெட்ரோலோடு மூலையில் கிடந்த மெஷின் ஏன் கிளம்பவில்லை என்று ஜோசியரைக் கேட்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைத்தால் பாதி ரிப்பேர் வராது.

சரி, இன்ஜின் ஓடுகிறது. இப்போதுதான் பாதி வேலை முடிந்திருக்கிறது. ஆனால் இந்த இடத்தில்தான் எல்லாரும் கை கழுவிவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள்.

மேஜை மேல் வைத்து ஐடில் பார்த்து "சூப்பர்" என்று சொன்னால் ஆச்சா? மரத்தில் இது மேஜை மாதிரி நிற்காது. சாயும், கவிழும், இடுப்பில் கயிற்றில் தொங்கும். அதனால் ஐடிலை எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்க்க வேண்டும். சாய்த்ததும் வேகம் ஏறினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது கார்புரேட்டர் சரியில்லை. ஐடிலில் சங்கிலி நகரவே கூடாது. நகர்ந்தால் ஐடில் அதிகம், இல்லாவிட்டால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. "லேசாத்தான் சுத்துது சார்" என்றார் ஒருவர். லேசாகச் சுற்றும் சங்கிலி, மேலே இருப்பவரின் தொடைக்குப் பக்கத்தில் சுற்றுகிறது.

அடுத்தது செயின் பிரேக். முன்னால் கேடயம் மாதிரி நிற்கிறதே, அதுதான் பிரேக்கின் லீவர். பார் முனையின் மேல்பாதி எதிலாவது இடித்தால் மெஷின் ஒரே வீச்சில் முகத்தை நோக்கி எகிறும். முழு வேகத்தில் சங்கிலி நொடிக்கு 18, 20 மீட்டர் ஓடுகிறது. மனிதன் யோசித்து விலக நேரமே கிடையாது. அதனால்தான் பிரேக். இங்கே ஒரு கடையில் அந்தப் பட்டையையே காணோம். கேட்டால், "அடிக்கடி மாட்டிக்குது சார், கழட்டிட்டேன், இப்ப ஃப்ரீயா இருக்கு" என்று கன்னடத்தில் சிரித்தபடி பதில். மாட்டிக்கொள்வதற்குக் காரணம் ஆயிலும் மரத்தூளும் சேர்ந்த சகதி. பிரஷ்ஷால் பத்து நிமிஷ வேலை. பட்டை கவருக்குள் இருக்கும் மாடல்களில், பிரேக் போட்டபடி கவரைக் கழற்றினால் திரும்ப மாட்டுவது பெரும்பாடு. அந்தச் சள்ளைக்காகவும் பட்டையை எடுத்துவிடுகிறார்கள். பத்து நிமிஷச் சோம்பலுக்கு இன்னொருத்தர் கழுத்தைப் பணயம் வைப்பதற்குப் பெயர் ரிப்பேரா?

சோதிப்பது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. தரையில் உறுதியாகப் பிடித்து, முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கட்டால் கேடயத்தை முன்னால் தள்ளுங்கள். சங்கிலி அக்கணமே நிற்க வேண்டும். அடுத்து இன்ஜினை அணைத்து, பிரேக்கை விடுவித்து, மேல் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு பார் முனையை ஒரு மரக்கட்டை மேல் விழவிடுங்கள். உயரம் எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். அந்த அதிர்ச்சியில் பிரேக் தானே விழ வேண்டும். கூடவே இன்னும் நாலு: ஆக்சிலேட்டரைத் தவறி அழுத்தாமல் தடுக்கும் லாக், அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கேட்சர், கயிறு மாட்டும் வளையம், அணைக்கிற சுவிட்ச். சங்கிலியைத் தீட்டும்போது பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டையும் சேர்த்து ராவி எடுக்காதீர்கள். இந்தச் சின்னச் சங்கிலிகளுக்குப் பொதுவாக 0.65 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதிகம் ராவினால் வேகமாக வெட்டுவது போல் தெரியும், எகிறுவதும் அதிகமாகும்.

"அவன் பத்து வருஷமா ஏறுறான் சார், அவனுக்கு பிரேக்கெல்லாம் வேண்டாம்" என்பார்கள். பார் முனை கண்ணுக்குத் தெரியாத ஒரு கிளையில் இடிக்கும்போது அது அனுபவத்தை விசாரித்துக்கொண்டு எகிறாது. "ஸ்பேர் கிடைக்காது" என்பார்கள். கிடைக்காவிட்டால் அந்த மெஷின் மரம் ஏறக் கூடாது. கார்புரேட்டரையும் காயிலையும் கழற்றி இன்னொன்றுக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் காயலான் கடைக்கு அனுப்புங்கள். "பிரேக் இல்லாமத்தான் இத்தனை நாள் ஓடுச்சு" என்பார்கள். ஓடியதற்குக் காரணம் மேலே இருந்தவரின் அதிர்ஷ்டம். அதை உங்கள் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

பழையதை வாங்காதே என்று நான் சொல்லவே இல்லை. நல்ல பழைய டாப் ஹேண்டில் மெஷின், ஒழுங்காகப் பார்த்தால் இன்னும் பத்து வருஷம் உழைக்கும். தூக்கி எறிவதை விட அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் விலை பேசும்போதே பிரேக் பட்டை, கேட்சர், புதுச் சங்கிலி, டயாப்ரம் கிட் எல்லாவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்படிப் போட்டால் கட்டுப்படியாகவில்லையா? அப்படியானால் அது மலிவான மெஷினே இல்லை. மிச்சப் பணத்தை மரத்தில் ஏறுகிறவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேளுங்கள். "ஸ்டார்ட் பண்ணிக் காட்டு" என்று யாரும் சொல்லாமலே காட்டுவார்கள். "நிறுத்திக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். அதைக் காட்ட முடியாத மெஷினுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.