ஒரே கேம்... ரெண்டு உலகம்! 'செல்டா' ஹீரோ கை மாறியது ஏன்?

நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவி 2025 ஜூன் 5-ல் விற்பனைக்கு வந்தது. அதன் ஜாய்-கான் கன்ட்ரோலரை மேசை மேல் வைத்து நகர்த்தினால், கணினி மவுஸ் மாதிரி வேலை செய்யும். வலது, இடது என ரெண்டு கன்ட்ரோலரிலும் இந்த வசதி உண்டு.

'இதில் என்ன இருக்கு?' எனத் தோன்றலாம். ஆனால், 2006-ல் 'எந்தக் கை?' என்ற இதே விஷயத்துக்காக ஒரு கேமின் முழு உலகத்தையே நின்டெண்டோ திருப்பிப் போட்டது.

எந்த கேம் அது?

'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ட்வைலைட் பிரின்சஸ்'. கேம்கியூப் கருவிக்காக 2004-ல் அறிவிக்கப்பட்ட சாகச கேம். ஹீரோ பெயர் லிங்க். இடது கையில் வாள் பிடிப்பவர்.

2005-ல் வர வேண்டிய கேம் தள்ளிப்போனது. அதற்குள் 'வீ' என்ற புதிய கருவி தயாரானது. ரெண்டு கருவிக்குமே கேமை வெளியிட நின்டெண்டோ முடிவு செய்தது.

'வீ' கருவியில் என்ன புதுசு?

டிவி ரிமோட் போன்ற கன்ட்ரோலர். கை அசைவை உணர உள்ளே அக்செலரோமீட்டர், முனையில் இன்ஃப்ராரெட் கேமரா. டிவி பக்கத்தில் வைக்கும் 'சென்சார் பார்' பெயருக்குத்தான் சென்சார். உண்மையில் அதில் இருப்பது இன்ஃப்ராரெட் விளக்குகள். அந்த ஒளியை ரிமோட்டின் கேமரா பார்ப்பதால்தான், திரையில் எங்கே குறி வைக்கிறோம் என்பது தெரிகிறது.

ரிமோட்டை வீசினால் லிங்க் வாளை வீசுவார். அவ்வளவுதான்!

சிக்கல் எங்கே வந்தது?

பெரும்பாலானோர் ரிமோட்டை வலது கையில் பிடிப்பார்கள். திரையில் லிங்க் இடது கையை வீசினால் பொருந்தாது.

சரி, வாளை மட்டும் கை மாற்றினால் போதாதா? அது அவ்வளவு ஈஸி இல்லை. லிங்க்கின் ஒவ்வொரு அசைவும், கதைக் காட்சிகளும் இடது கையை வைத்தே உருவானவை. அதனால் மொத்த உலகத்தையும் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். லிங்க் வலக்கைக்காரர் ஆனார். மேற்கே இருந்த கெருடோ பாலைவனம் கிழக்கே போனது!

அமெரிக்காவில் வீ பதிப்பு 2006 நவம்பர் 19-ல் வந்தது. கேம்கியூப் பதிப்பு டிசம்பரில் வந்தது. ஒரே கதைதான். ஆனால், ஒன்றில் 'இடது பக்கம் திரும்பு' என்றால் மற்றொன்றில் வலது.

யாருக்கு இழப்பு?

உலகில் சுமார் 10% பேர் இடது கைப் பழக்கம் உள்ளவர்கள். ரிமோட்டை இடது கையில் பிடித்தும் இவர்கள் விளையாடலாம். வாளை வீச ஓர் ஆட்டு ஆட்டினாலே போதும். ஆனால், தங்களைப் போலவே இடது கையில் வாள் பிடித்த ஹீரோ திரையில் இல்லை.

2011-ல் வந்த 'ஸ்கைவர்ட் ஸ்வோர்டு' ஒருபடி மேலே போனது. அதை ஆட 'மோஷன் பிளஸ்' தேவை. கை போகும் திசையிலேயே வாளும் போகும். அதிலும் லிங்க் வலக்கைக்காரர்தான்.

பிறகு மாறியதா?

கொஞ்சம் மாறியது. 2016-ல் வீ யு கருவிக்கு வந்த 'ட்வைலைட் பிரின்சஸ்' ஹெச்டி பதிப்பின் வழக்கமான ஆட்டத்தில், லிங்க் மீண்டும் இடக்கைக்காரர். 2021-ல் ஸ்விட்ச் கருவிக்கு வந்த 'ஸ்கைவர்ட் ஸ்வோர்டு ஹெச்டி'யில், கையை வீசாமல் பட்டன், ஸ்டிக் மூலமே ஆடும் வசதி தரப்பட்டது. கை வலி உள்ளவர்கள், கையை வீச முடியாதவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

கவனிக்க வேண்டியது என்ன?

பெரும்பான்மை பழக்கத்துக்கு ஏற்ப கேமை மாற்றியது வியாபார ரீதியில் சரியாக இருக்கலாம். அவசரத்தில் கிடைத்த புத்திசாலித்தனமான தீர்வும்கூட. ஆனால், புதிய கன்ட்ரோலர் வரும்போதெல்லாம் 'சராசரி ஆட்டக்காரர்' யார் என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது. அந்தச் சராசரிக்குள் வராதவர்கள்தான் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஸ்விட்ச் 2-ல் மவுஸ் வசதி ரெண்டு கைக்கும் கிடைப்பது சின்ன விஷயம் போலத் தெரியலாம். இடது கைக்காரர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.